யார் பெரிய ஆட்டக்காரர்: நான் சொன்ன இரண்டு பதில்கள்

பொங்கலுக்குப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால் மூன்றாம் நாள் ஒரு சண்டை கட்டாயம் உண்டு. மகன் ஒரு கிரிக்கெட்காரனைப் பெரியவன் என்பான், மருமகன் இன்னொருவனைப் பெரியவன் என்பார். சதம், சராசரி, வெளிநாட்டு மைதானம் என்று ஆரம்பித்து, சாப்பிட்ட கை காய்ந்து போகும் வரை நடக்கும். கடைசியில் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பி, நீங்கள் சொல்லுங்கள், யார் பெரிய ஆள் என்பார்கள். நான் எழுந்து கை கழுவப் போய்விடுவேன். அப்பாவுக்கு விளையாட்டில் ருசி கிடையாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும். அந்த மாதிரிக் கேள்விக்கு நான் வாழ்க்கையில் இரண்டு முறை பதில் சொல்லியிருக்கிறேன். இரண்டு முறையும் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்கும் வலங்கைமானுக்கும் நடுவில், வெண்ணாற்றங்கரையில் இருக்கிறது. எங்கள் காலத்தில் கிரிக்கெட் என்பது ரேடியோவில் யாரோ இங்கிலீஷில் பேசுவது. எங்களுக்கு ஆட்டம் என்றால் சடுகுடுதான். அந்த வட்டாரத்தில் சடுகுடு என்று வாயைத் திறந்தால் இரண்டு பேரைப் பற்றித்தான் பேச்சு வரும்.

ஒருவர் எங்கள் ஊர் மிராசுதார். காலேஜில் படித்த காலத்தில் திருச்சி வரை போய் ஆடியவர். அவருடைய பின்னங்கால் உதையைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். எதிராளி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே கால் பின்பக்கமாகப் போய் இன்னொருவனைத் தொட்டுவிட்டு வந்துவிடும். வீட்டுக் கூடத்தில் கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள். பேப்பரில் படம் வந்து, அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். நாற்பது வயதுக்கு மேலும் பொங்கலுக்குக் கோயில் திடலில் ஒரு ஆட்டம் ஆடுவார். அதைப் பார்க்க மன்னார்குடியிலிருந்து சைக்கிள் மிதித்துக்கொண்டு வருவார்கள்.

இன்னொருவர் வாய்க்காலுக்கு அந்தண்டைத் தெருவில் இருந்தார். கூலி வேலை செய்கிறவர்கள் இருந்த தெரு அது. எங்கள் வயலுக்கு அறுப்பு ஆட்களைத் திரட்டிக்கொண்டு வருபவர் அவர்தான். அவருக்குக் கோப்பை எல்லாம் கிடையாது. பரிசு என்றால் ஒரு சேவல், ஒரு துண்டு, இரண்டு சீப்பு வாழைப்பழம். அவர்கள் கோயில் திடலில் ஆட முடியாது. ஆற்றில் தண்ணீர் குறைந்ததும் மணல் திட்டில் ஆடுவார்கள். அவருடைய பெருமை மூச்சு. சடுகுடு என்று பாட்டை எடுத்துக்கொண்டு எதிராளி பக்கம் போனால், திரும்பி வந்து நடுக்கோட்டைத் தொடும் வரை அது அறுபடாது.

இந்த இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் ஆடியதே இல்லை. சடுகுடு தொட்டு ஆடுகிற ஆட்டம். இடுப்பைப் பிடிக்க வேண்டும், காலை வார வேண்டும், மேலே விழுந்து அமுக்க வேண்டும். அந்தண்டைத் தெருக்காரர் மேல் விழுந்து அமுக்க எங்கள் பக்கத்தில் யார் வருவார்கள்? இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ரெண்டு பேருக்கும் வாய்ப்பு அமையல என்பார்கள். வாய்ப்பாம்! அரைக்கால் மைல் தூரத்தில் இருபது வருஷம் இரண்டு பேரும் ஆடியிருக்கிறார்கள்.

ஆனால் நான் இரண்டு பேர் ஆட்டத்தையும் பார்த்தவன். பள்ளிக்கூடம் படிக்கிற வயதில், ஒரு காணும் பொங்கலன்று, வீட்டுக்குத் தெரியாமல் ஆற்றங்கரை மேட்டில் நின்று அந்தண்டைத் தெரு ஆட்டத்தைப் பார்த்தேன். எதிர்க்கட்சி வேற்றூர். ஆறு பேர் சேர்ந்து அவரை மணலில் அமுக்கிவிட்டார்கள். ஆள் தெரியவில்லை. மேலே கிடந்த ஆறு முதுகுகள்தான் தெரிந்தன. ஆனால் சடுகுடு சடுகுடு என்ற சத்தம் மட்டும் அடியிலிருந்து வந்துகொண்டே இருந்தது. கூட்டத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. அந்தக் குவியல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. முழங்கையால் மணலைக் கீறிக்கொண்டு ஆறு பேரையும் இழுத்து வந்து, ஒரு விரலால் கோட்டைத் தொட்டார். தொட்ட பிறகுதான் சத்தம் நின்றது. யார் பெரிய ஆட்டக்காரர் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் பிறகு அப்படிப் பேசினேன்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஆட்சி மாறிச் சில வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் மிராசுதாரின் நிலத்தில் பத்து மாவை, மூன்றேகால் ஏக்கர் இருக்கும், குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்துகொண்டிருந்தோம். குத்தகைக்காரனை இனி யாரும் வெளியேற்ற முடியாது, சட்டம் வந்துவிட்டது என்று மேடையில் பேசினார்கள். சட்டம் தஞ்சாவூர் வரைக்கும் வந்திருக்கலாம், எங்கள் வரப்பு வரைக்கும் வந்து சேரவில்லை. மிராசுதார் சில பேருடைய நிலத்தைத் திருப்பி எடுத்துச் சொந்தப் பண்ணையில் சேர்க்கப் போகிறார் என்று அந்தக் குறுவைப் பருவம் முழுக்கப் பேச்சாக இருந்தது. அந்தச் சில பேரில் நாங்களும் உண்டா என்று யாரைக் கேட்பது? அப்பா ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். நான் வாயைக் கூட்டிக்கொண்டேன். எனக்குப் பயம் வந்தால் வாய்தான் முதலில் நீளும்.

புரட்டாசி கடைசி. கதிர் முற்றிவிட்டது. வியாழக்கிழமை அறுப்பு என்று பேசி வைத்திருந்தோம். செவ்வாய்க்கிழமை காலை பாலத்தடி டீக்கடையில் நான் உட்கார்ந்திருந்தபோது மிராசுதாரின் காரியக்காரர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நிலம், நெல், குத்தகை எல்லாம் அவர் கையில்தான். அவர் வாயால் ஒரு வார்த்தை நல்லபடியாகப் போனால் போதும், எங்கள் பத்து மா நிற்கும். யாரோ சடுகுடுப் பேச்சை எடுத்தார்கள். இரண்டு பேரில் யார் பெரியவர் என்று பழைய வாதம் ஆரம்பித்தது. காரியக்காரர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து, நீ ரெண்டு ஆட்டத்தையும் பாத்தவனாமே, நீ சொல்லு என்றார்.

ஐயாதான் பெரியவர் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்திருக்கலாம். அதோடு விட்டேனா? நாக்கில் சனி.

"ஐயாதாங்க. இதுல என்ன சந்தேகம். அந்தண்டைத் தெருவுல ஆடுனதெல்லாம் ஒரு ஆட்டத்துல சேர்த்தியா? சேத்துல பொரள்ற எருமைகூடத்தான் மூச்சைப் பிடிக்குது" என்றேன்.

பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. காரியக்காரர் என் முதுகில் தட்டினார். என் மனசுக்குள் பத்து மாவும் பச்சையாகத் தெரிந்தது.

அந்தக் கடையில் எங்களுக்குக் கண்ணாடி டம்ளர், பெஞ்சு. அந்தண்டைத் தெருக்காரர்களுக்குக் கீற்றுத் தட்டிக்குப் பின்னால் நிற்கிற இடம், தனியாக நாலு அலுமினிய டம்ளர். குடித்த டம்ளரை அவர்களே கழுவி, தட்டியில் செருகிய பலகையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போக வேண்டும். தட்டிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசுகிற பழக்கம் எங்களில் ஒருத்தருக்கும் கிடையாது. சிரிப்பு அடங்கினபோது அங்கே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அவர்தான். டம்ளரை நிதானமாகக் கழுவினார். பலகையில் கவிழ்த்து வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரையோடு நடந்து போனார். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

எனக்கு டீ இறங்கவில்லை. 

வியாழக்கிழமை விடிந்தது. அப்பா களத்தைச் சாணம் தெளித்துத் தயார் செய்துவிட்டு வரப்பில் நின்றார். ஆள் வரவில்லை. வெயில் ஏறியது. தலையை மறைக்கத் துண்டைப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார். மத்தியானம் வரை ஒருத்தரும் வாய்க்காலைத் தாண்டி வரவில்லை. எங்கள் வயலுக்கு மட்டும்தான் வரவில்லையா என்று சுற்றிப் பார்த்தேன். பக்கத்து வயல்கள் இன்னும் பழுக்கவில்லை. ஊரிலேயே முதல் அறுப்பு எங்களுடையது.

அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. கூலி ஆட்கள் சங்கம்தான் காரணம் என்றார். அறுக்கிற கலத்துக்கு அரைப்படி நெல் கூலியில் கூட்டிக் கேட்டிருந்தார்கள். பார்க்கலாம் என்று இவர் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்குத்தான் இந்த மிரட்டல் என்று வெற்றிலையைத் துப்பினார். எனக்குத் தெரியும், சங்கமும் இல்லை, அரைப்படியும் இல்லை. நான்தான் காரணம். ஒரு மனுஷனை எருமை என்று சொன்னேன், அவர் காது கேட்கச் சொன்னேன், அவர் தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. இதைப் போய் அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

அந்த வருஷம் நாங்கள் போட்டிருந்தது ஆடுதுறை இருபத்தேழு. நல்ல விளைச்சல்தான், ஆனால் ஒரு கெட்ட குணம் உண்டு. முற்றின கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தால் மூன்றாம் நாள் கதிரிலேயே முளை விட்டுவிடும். அப்புறம் அது நெல் இல்லை, மாட்டுக்குக்கூட ஆகாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிழக்கே கறுத்தது. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரில் ஏறியது. அப்பா ஒரு கதிரை உருவி வாயில் போட்டுக் கடித்தார். நொறுக்கென்று உடைந்தது. இன்னும் இரண்டு நாள் தாங்கும் என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார். எனக்குச் சோறு கசந்தது. வயலுக்குப் போவேன், வடிகால் மடையைத் திறந்து வைப்பேன், திரும்பி வருவேன், மறுபடியும் போவேன். காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலும் ராத்திரியிலும் எழுந்து ஓடுவேன்.

சனிக்கிழமை காரியக்காரர் வீட்டுக்கே வந்தார். மிராசுதார்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள், வெளியூர் ஆட்கள் லாரியில் வருகிறார்கள், திங்கட்கிழமை காலை முதலில் உங்கள் வயலில்தான் இறக்கப் போகிறோம், போலீசும் கூட வரும் என்றார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். வெளியூர் ஆளை இறக்கினால் என்ன நடக்கும் என்று அந்தச் சீமையில் தெரியாதவர் கிடையாது. கிழக்கே ஒரு ஊரில் கூலித் தகராறு ஆட்களைக் குடிசையோடு எரித்ததில் போய் முடிந்தது எல்லோருக்கும் தெரியும். அந்த ஊர்ப் பேரை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது எங்கள் பத்து மாவில் அப்படி ஒன்று நடக்கப் போகிறது, எதற்காக என்றால், ஒரு காரியக்காரரைச் சிரிக்க வைக்க நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக. தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், மாட்டுக் கொட்டகையில், யாரும் பார்க்காதபோது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா கண்ணயர்ந்ததும் கிளம்பினேன். வாய்க்கால் மேல் பனைமரத்தைப் போட்டிருப்பார்கள். அதன் இந்தப் பக்க முனையில் நின்று குரல் கொடுத்து ஆள் கூப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம். அன்றைக்குத்தான் தாண்டினேன். தெரு அடங்கிக் கிடந்தது. பத்துப் பதினைந்து பேர் புங்கமரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அறுப்புக் காலத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிற அந்தண்டைத் தெருவை நான் பார்த்ததே இல்லை. அவர் நடுவில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

அவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் வா, போ என்றுதான் நான் அதுவரை அவரிடம் பேசியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான்.

"உங்களத்தான் பாக்க வந்தேங்க" என்றேன்.

"என்ன தம்பி, இன்னைக்கு மரியாதையெல்லாம் பலமா இருக்கு" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

நான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். அன்னைக்குக் கடையில பேசுனது தப்பு, வாய்க் கொழுப்பு, மன்னிச்சிருங்க என்றேன். பிறகு, "நீங்கதான் பெரிய ஆட்டக்காரரு. ஐயா இல்ல. ஆறு பேர இழுத்துக்கிட்டு வந்து கோட்டத் தொட்டீங்களே, மேட்டுல நின்னு நானே பாத்தேன். எங்க வேணா வந்து சொல்றேன்" என்றேன்.

அவர் கயிற்றைக் கீழே வைத்தார்.

"இது எதுக்கு இப்போ? அறுப்புக்கு வரணும்னா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"ஒரு வார்த்தைக்காக ஒரு தெருவே அடுப்பு மூட்டாம உக்காந்திருக்கும்னு நெனச்சீங்களா தம்பி? அரைப்படி கேட்டோம். உங்கப்பா பாக்கலாம்னாரு. பாத்துட்டுச் சொல்லட்டும்னு இருக்கோம். அவ்வளவுதான்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நாலு நாளாக என் நாக்கைச் சுற்றித்தான் ஊரே சுழல்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா சொன்னதுதான் சரி. அரைப்படி என்று அப்பா வாயால் கேட்டபோது அது மிரட்டலாகத்தான் காதில் விழுந்தது. இங்கே வந்து புங்கமரத்தடியில் பார்த்தால், ஒரு அடுப்பிலும் புகை இல்லை. அவர்கள் கேட்டது நெல். நான் தூக்கிக்கொண்டு வந்தது புகழ்ச்சி. எனக்குச் செலவே இல்லாத ஒன்றைக் கொடுத்து அறுப்பை முடித்துக்கொள்ளலாம் என்று வந்திருக்கிறேன். சே, என்ன ஜென்மம் நான் என்று இருந்தது.

"அரைப்படி போடறோம்" என்றேன்.

அதை அப்பா சொல்ல வேண்டும் என்றார். நான் சொல்ல வைக்கிறேன் என்றேன். அவர் சுற்றி இருந்தவர்களைப் பார்த்தார். ஒரு அம்மாள் சம்மதமாகத் தலையசைத்தார். அதன் பிறகு இவர் கிழக்கே வானத்தைப் பார்த்தார். விடியும்போது வந்துவிடுவோம், ஆனால் அளக்கிற நேரத்தில் பேச்சு மாறினால் நடக்கிறது வேறு என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அரைப்படிக்கு ஒத்துக்கொண்டு வந்ததை மட்டும் சொன்னேன். நீ யாருடா ஒத்துக்க என்று எழுந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். நாம் ஒருத்தர் போட்டுவிட்டால் எல்லா மிராசுதாரும் போட வேண்டி வரும், ஐயா நம்மைச் சும்மா விடுவாரா, குத்தகை நிற்குமா என்று கத்தினார். அதெல்லாம் உண்மை. எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

"லாரி வந்தா நெல்லு வீட்டுக்கு வரும்பா. அப்பறம் நாத்து நட யாரு வருவா? நாளைக்கு நம்ம வரப்புல ஒருத்தன் விழுந்து கெடந்தா நீ அந்த நெல்லத் திம்பியா?" என்றேன்.

அப்பா வாசலுக்குப் போய் நின்றார். திரும்பி வந்து, அறுவாள எடுத்துத் தீட்டு என்றார்.

திங்கட்கிழமை விடியும் முன்பே இருபது பேர் வயலில் இறங்கிவிட்டார்கள். நானும் அப்பாவும் சேர்ந்து அறுத்தோம். ஒன்பது மணி சுமாருக்குப் பாலத்துப் பக்கம் லாரி சத்தம் கேட்டது. வயலில் எல்லோரும் நிமிர்ந்தார்கள். இருபது கையிலும் அறுவாள். காரியக்காரர் சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு வந்தார். அப்பா முன்னால் போய்த் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, எங்க வயலுக்கு ஆள் வந்தாச்சுங்க, லாரியத் திருப்பி அனுப்பிருங்க என்றார். அப்பா அவர் முன்னால் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. காரியக்காரர் வயலைப் பார்த்தார், அறுவாள்களைப் பார்த்தார். போகும்போது என் பக்கத்தில் வந்து, நேற்று அந்தண்டை போய் யார் பெரிய ஆட்டக்காரர் என்று சொன்னாயாமே, ஐயா காதுக்குப் போய்விட்டது என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அந்தக் குத்தகை என்ன ஆகும் என்று இரண்டு வருஷம் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். போகவில்லை. ஏன் போகவில்லை என்று இன்றைக்கும் தெரியாது. மிராசுதார் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு முதல் தூறல் விழுந்தது. கடைசிக் கட்டும் களத்துக்கு வந்து, போர் மேல் வைக்கோலை இழுத்து மூடவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. நனைந்தது ஏழெட்டுக் கட்டுதான். அதற்குள் அடித்துத் தூற்றியிருந்த நெல்லைக் கொட்டகைக்குள் குவித்து, அதிலிருந்தே கூலி அளந்தோம். அப்பா மரக்காலால் அளந்தார். முதல் ஆளுக்கு வழக்கமான அளவு போட்டதும் கை நின்றது. எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். அப்பா எழுந்து படியை என்னிடம் நீட்டி, ஒத்துக்கிட்டவன் அள என்றார். நான் உட்கார்ந்து அளந்தேன். கலத்துக்கு அரைப்படியை ஒவ்வொருத்தருக்கும் தலை தட்டாமல் கோபுரமாகவே போட்டேன்.

அவர் கடைசியாக வந்தார். அவர் துண்டில் நெல்லைப் போட்டேன். மற்றவர்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மனசு லேசாக இருந்தது. நெல் வீட்டுக்கு வந்துவிட்டது, யார் தலையும் உடையவில்லை. எல்லாம் சரியாகப் போய்விட்டது என்ற தைரியத்தில் நான் மறுபடியும் வாயைத் திறந்தேன்.

"அண்ணே, நேத்து சொன்னது அறுப்புக்காக இல்ல. நெஜமாவே நீங்கதான் பெரிய ஆட்டக்காரரு" என்றேன்.

அவர் துண்டை முடிந்துகொண்டே இருந்தார். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

"அரைப்படி தெருவுக்கு வேணும். கேட்டோம், வந்துருச்சு. எருமைன்னு சொன்னது என்னைய. அதுக்கு நான் உங்ககிட்ட ஒண்ணும் கேக்கல தம்பி. தெருக் கூலியோட என் ரோசத்தச் சேக்கக் கூடாதுன்னுதான் கேக்கல. நீங்களா வந்து ஒண்ணு சொன்னீங்க. கதிரு சாயற நேரத்துல வந்து சொன்னீங்க. அது நெஜமா இல்லையான்னு நான் எப்புடித் தெரிஞ்சுக்கறது?"

மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். நான் படியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காரியக்காரர் முன்னால் குத்தகைக்காக ஒரு பதில் சொன்னேன், இவர் முன்னால் அறுப்புக்காக ஒரு பதில் சொன்னேன். இரண்டாவது நிஜம். அதை அவர் நம்புவதற்கு நான் வழி வைக்கவில்லை.

அதற்குப் பிறகு பல வருஷம் அவர்தான் எங்களுக்கு ஆள் கொண்டு வந்தார். டீக்கடையில் கீற்றுத் தட்டி போனது, அலுமினிய டம்ளர் போனது, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கிற காலமும் வந்தது. பெஞ்சில் யாராவது அந்தப் பழைய வாதத்தை எடுப்பார்கள். அவர் என்னைப் பார்ப்பார். நான் டம்ளரைப் பார்ப்பேன். நெல்லும் அறுப்பும் இல்லாத ஒரு நாளில், அவரிடம் எனக்கு எந்தக் காரியமும் ஆக வேண்டியில்லாத ஒரு நாளில், போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அப்படி நாளே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. எங்கள் ஊரில் சித்திரை முழுக்க வயல் சும்மாதான் கிடக்கும், வைகாசி முழுக்கவும் அப்படித்தான். பனைமரத்தைத் தாண்டினால் அவர் வீடு. அவர் இறந்ததும் ஒரு வைகாசியில்தான்.